வேலைக்கு அணிந்து செல்பவை: வழக்கமாக நேரும் தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் சட்டைக்கும் சுடிதாருக்கும் யோசிக்கிற அளவு வாட்ச், மோதிரம், கம்மல், பெல்ட், செருப்பு, பை இவற்றுக்கு யோசிப்பதில்லை. யோசிக்கிறவர்களும் உடுத்திய துணிக்கு எடுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: நாள் முழுக்க என் கை என்ன வேலை செய்யப்போகிறது? என் எதிரே யார் உட்காரப்போகிறார்கள்? கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இவற்றைக் கேட்காததால் வருபவை.

ஆபத்தை அழகாக நினைத்துவிடுவது

முதலில் மோதிரம். லேத், டிரில்லிங் மெஷின், கன்வேயர் என ஓடும் இயந்திரத்துக்கு அருகில் வேலை செய்கிறவருக்கு அது விரலையே பறிக்கக்கூடிய பொருள். மோதிரம் ஒரு கொக்கியிலோ விளிம்பிலோ மாட்டி, உடம்பு வேறு பக்கம் இழுபட்டால், விரலின் தோலும் சதையும் ரத்தக்குழாயும் எலும்பிலிருந்து உரிந்து வந்துவிடும். இதற்கு இயந்திரம்கூடத் தேவையில்லை. லாரியிலிருந்து குதிக்கும்போது கம்பியில் மோதிரம் மாட்டினாலும் இதேதான் நடக்கும். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், ஓடுகிற இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ போகிறவர் உடம்போடு ஒட்டிய ஆடைதான் அணிய வேண்டும் என்று சொன்னது. தொங்கும் துணிக்குச் சொன்னது தொங்கும் செயினுக்கும், கழுத்தில் ஆடும் அடையாள அட்டைக்கும், கையில் கட்டிய கயிற்றுக்கும் பொருந்தும். அட்டையைக் கழுத்தில் போட்டே ஆக வேண்டிய இடமென்றால், இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் கிளிப் உள்ள நாடாவை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். விலை அதிகமில்லை.

மின்சார வேலைக்காரருக்கும் வாகன மெக்கானிக்குக்கும் இன்னொரு ஆபத்து. தங்கமும் வெள்ளியும் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துபவை. 12 வோல்ட் கார் பேட்டரி ஷாக் அடிக்காது என்கிற தைரியத்தில் மோதிரத்தோடு ஸ்பேனர் பிடிக்கிறார்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே மோதிரம் பாலமாகிவிட்டால், அதன் வழியே பாயும் மின்னோட்டம் நொடிப்பொழுதில் அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும். சூட்டில் வீங்கும் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றவும் முடியாது. உலோகப் பட்டை வாட்சும் காப்பும் செய்வதும் அதையேதான்.

மருத்துவமனையில் பிரச்சினை கிருமி. மோதிரத்துக்கு அடியில் ஈரம் தங்கும், சோப்பு சரியாகப் போய்ச் சேராது, கல் வைத்த மோதிரமானால் கையுறையும் கிழியும். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2008 வாக்கில், நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை தருகிறவர்கள் முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது என்ற நடைமுறை வந்தது. வாட்சுக்கும் அங்கே இடமில்லை. கல் பதிக்காத திருமண மோதிரத்துக்கு மட்டும் பொதுவாக விலக்கு உண்டு. நேரம் பார்க்க வேண்டிய செவிலியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் வாட்சை வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் மருத்துவமனைகளிலும் இது பரவலாக வர வேண்டும் என்பது என் விருப்பம்.

ஓட்டல், பேக்கரி, மிட்டாய்க் கடை சமையற்கட்டில் வேலை செய்கிறவர்களுக்கு விதியே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு விதிமுறைகள், உணவில் விழக்கூடிய தளர்வான நகைகளையும் செயற்கை நகங்களையும் அணியக்கூடாது என்கின்றன.

தாலி, மெட்டி பற்றிக் கேள்வி வரும். மெட்டி ஷூவுக்குள் அடங்கிவிடும். தாலிச் செயினை உள்ளே விட்டு, மேலே கழுத்தை மூடிய கோட் போட்டுக்கொள்வது பல இடங்களில் போதுமானது. போதாத இடங்களும் உண்டு. எம்.ஆர்.ஐ. அறை அப்படிப்பட்டது: அங்கே உலோகத்தை எதற்குள் மறைத்து வைத்தாலும் ஆபத்து ஆபத்துதான். அங்கே வேலை என்றால் கழற்றி வைக்கத்தான் வேண்டும். அதைக் குறையாக நினைக்கத் தேவையில்லை.

காதுக்கு எட்டுவதை மறப்பது

கண்ணாடி முன் நின்று பார்க்கிறோம், ஆனால் நடந்து பார்ப்பதில்லை. டைல்ஸ் தரையில் ஹீல்ஸ் ஒலிக்கும். முத்துக் கொலுசு நூலகத்திலும் தேர்வு அறையிலும் பத்து பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். கொலுசு பிடிக்குமென்றால் முத்தில்லாத கொலுசு இருக்கிறது, அதை வாங்குங்கள்.

காணொளிக் கூட்டங்கள் வந்தபிறகு இது கூடுதலாகக் கவனிக்க வேண்டியதாகிவிட்டது. பல லேப்டாப்களில் மைக் விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணாடி வளையல் மேசையில் உரசும் சத்தம் உங்களுக்குக் கேட்காது, மறுமுனையில் இருப்பவருக்குப் பேச்சை விடப் பெரிதாகக் கேட்கும். ஹெட்செட் மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் பேசுகிற கால் சென்டர் வேலைக்கு ஜிமிக்கி சரிவராது. சத்தம் ஒருபக்கம், காது மடல் அழுந்திப் புண்ணாவது இன்னொரு பக்கம். சிறிய தோடு போதும்.

ஸ்மார்ட் வாட்ச் செய்வது ஓசையில்லாத இடைஞ்சல். எதிரே இருப்பவர் தன் வீட்டுக் கடன் பற்றியோ நோய் பற்றியோ சொல்லிக்கொண்டிருக்கும்போது உங்கள் மணிக்கட்டு அதிர்கிறது, கண் அங்கே போகிறது. வந்தது குறுஞ்செய்தி என்று அவருக்குத் தெரியாது. 'சீக்கிரம் கிளம்பு' என்று சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார். வேலை நேரத்தில் அறிவிப்புகளை நிறுத்தி வையுங்கள்.

நம் அணிகலன்களைக் குறைவாக நினைப்பது

அலுவலகத்துக்கென்று எழுதப்படும் அறிவுரைகளில் பல, கோட்டும் டையும் போடும் ஊர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றைப் படித்துவிட்டுப் பொட்டையும் மூக்குத்தியையும் மெட்டியையும் நேர்காணல் அன்று கழற்றி வைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. பாதுகாப்புக் காரணம் ஏதும் இல்லாத மேசை வேலையில், மூக்குத்தி ஒருவரின் திறமையைப் பற்றி எதையும் குறைத்துச் சொல்வதில்லை. காரணம் சொல்லாமல் கழற்றச் சொல்லும் மேலாளரிடம், எந்த விதியின்படி என்று மரியாதையாகக் கேட்கலாம். மல்லிகைப்பூவும் அப்படித்தான். ஏ.சி. அறையில் பக்கத்தில் இருப்பவருக்கு வாசனை ஒத்துக்கொள்ளாவிட்டால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். பூ வைப்பதே அலுவலகத்துக்கு ஆகாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

சாதியைக் கையில் கட்டிக்கொண்டு போவது

தமிழ்நாட்டில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சில வண்ணக் கயிறுகள் சாதி அடையாளமாகப் பள்ளி மாணவர்கள் கையில் ஏறியதைக் கண்டு, 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களை மாணவர்கள் அணியத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. மாணவர்களுக்கு ஆகாதது ஆசிரியருக்கும், ரேஷன் கடை ஊழியருக்கும், காவலருக்கும், வங்கி மேலாளருக்கும் ஆகாது. மனுவோடு வந்து நிற்பவர் உங்கள் மணிக்கட்டைப் பார்த்தே, தன் வேலை நடக்குமா நடக்காதா என்று கணக்குப் போட வேண்டிய நிலை வரக்கூடாது. கோயிலில் கட்டிய கயிறு வேறு, ஊரில் ஒரு கூட்டத்தைக் குறிக்கும் வண்ணம் வேறு. எது எது என்று அந்தந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். சட்டைப் பையில் தலைவர் படம், சாதிச் சங்கத்தின் சின்னம் பொறித்த மோதிரம் இவையும் இதில் சேரும்.

பணத்தைத் தவறான இடத்தில் போடுவது

முதல் சம்பளத்தில் பெரிய வாட்ச் வாங்கிவிட்டு, இருநூறு ரூபாய் பெல்ட்டையும் கடிக்கிற ஷூவையும் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். என் வரிசை தலைகீழ்: முதலில் காலணி, பிறகு பை, பெல்ட், கடைசியில் வாட்ச். தோல் போலத் தோன்றும் பாலியூரித்தேன் பொருட்கள் நம் ஈரமான வெப்பத்தில் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரிந்துவிடும். உரிந்த பெல்ட் உடுப்பு முழுவதையும் கெடுக்கும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் தோல் பொருட்களுக்குப் பெயர் போன ஊர்கள். அந்தப் பக்கம் போகும்போது நல்ல தோல் பெல்ட் ஒன்று வாங்கி வைத்தால் பல வருடம் வரும். ஷூவின் நிறமும் பெல்ட்டின் நிறமும் ஒத்திருந்தால் போதும், ஒரே கடையில் வாங்க வேண்டியதில்லை. கறுப்பு ஷூவுக்கு வெள்ளை சாக்ஸ் மட்டும் வேண்டாம்.

நாள் முழுக்க நிற்கும் வேலை என்றால் காலணியில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம், ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கடைக்காரர்களுக்குக் கட்டாயமாக்கியது. இருக்கை உங்கள் உரிமை. ஆனாலும் கூட்ட நேரத்தில் நின்றுதான் ஆக வேண்டியிருக்கும். ஹீல்ஸ் இல்லாத, குதிகாலைத் தாங்குகிற, வழுக்காத அடிப்பகுதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

கவரிங் நகை போட்டால் கழுத்தும் காதும் அரிக்கிறதா? முலாமுக்கு அடியில் இருக்கும் நிக்கல் வியர்வையில் கரைந்து தோலில் படுவது பல சமயம் காரணமாக இருக்கும். தோலில் படும் பொருட்களிலிருந்து வெளியாகும் நிக்கலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1994இலேயே வரம்பு விதித்தது. பெல்ட் பக்கிளும் வாட்சின் பின்மூடியும்கூட அரிப்பைத் தரலாம். அப்படியானால் தோல் பட்டை வாட்சும் டைட்டானியத்தில் செய்த தோடும் பாருங்கள். அரிப்பு தொடர்ந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நேர்காணலுக்கு வாங்கிய ஷூவை ஒரு வாரம் முன்பே வீட்டில் போட்டு நடந்து பழகிக்கொள்ளுங்கள். காணொளி நேர்காணல் என்றால், அன்று போடப்போகும் நகை, வாட்ச் எல்லாவற்றோடும் நண்பர் ஒருவரை அழைத்து ஐந்து நிமிடம் பேசி, என்னென்ன சத்தம் வந்தது என்று கேளுங்கள்.