ஜாவாஸ்கிரிப்டில் தானாக நிகழும் தரவு வகை மாற்றம்: பூக்கடை பில் வழியாக ஒரு செய்முறை

வலைப்பக்கங்களை இயக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட், எண், எழுத்து போன்ற தரவு வகைகளை நாம் கேட்காமலேயே ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றிவிடும். தோவாளைப் பூச்சந்தை வியாபாரி ஒருவருக்காக, பிச்சிப்பூவின் விலையையும் சுமைக்கூலியையும் தட்டினால் மொத்தத் தொகையைக் காட்டும் வலைப்பக்கம் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உலாவியில் எஃப் 12 விசையை அழுத்தி, நிரல் வரிகளைத் தட்டி உடனே விடை பார்க்கும் இடமான கன்சோலைத் திறந்து, கீழுள்ள வரிகளில் அம்புக்குறிக்கு முன்னால் இருப்பதை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

படி 1: கூட்டல்

"600" + 50 → "60050"
"600" - 50 → 550

வலைப்பக்கத்தின் உள்ளீட்டுப் பெட்டியில் எண்ணையே தட்டினாலும் அதன் மதிப்பு நம் கைக்குச் சரமாகத்தான், அதாவது மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துத் தொடராகத்தான், வந்து சேரும். கூட்டல் குறியின் ஒரு பக்கத்தில் சரம் இருந்தாலே மறுபக்கமும் சரமாக மாற்றப்பட்டு இரண்டும் ஒட்டப்படும். கழித்தல், பெருக்கல், வகுத்தலில் அப்படி ஒட்டும் வேலை இல்லாததால், அங்கே இரு பக்கமும் எண்ணாக மாற்றப்படும். கணக்கு இடமிருந்து வலமாக நடக்கும் என்பதால் வரிசையும் விடையை மாற்றும்:

600 + 50 + " ரூபாய்" → "650 ரூபாய்"
"ரூ. " + 600 + 50 → "ரூ. 60050"

படி 2: எண்ணாக மாறும்போது

"1,200" * 5 → நேன்
"௬௦௦" * 5 → நேன்
"" * 5 + 50 → 50

காற்புள்ளி இட்ட தொகையும் தமிழ் எண்களும் ஜாவாஸ்கிரிப்டுக்கு எண்களாகத் தெரிவதில்லை. எனவே எண் அல்லாததைக் குறிக்கும் நேன் (NaN) கிடைக்கிறது. என் கணிப்பில், மூன்றாவது வரிதான் மிகவும் ஆபத்தானது. நேன் பில்லிலேயே தெரிந்துவிடும். வெற்றுச் சரமோ சத்தமில்லாமல் 0 ஆகிவிடுவதால், ஓணத்துக்கு முந்தைய நெரிசலில் விலையைத் தட்ட மறந்த வியாபாரி, ஐந்து கிலோ பூவுக்குச் சுமைக்கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட நேரும்.

படி 3: ஒப்பிடுதல்

"1000" < "900" → உண்மை (true)
"1000" < 900 → பொய் (false)
"" == 0 → உண்மை
"" === 0 → பொய்

இரு பக்கமும் சரமாக இருந்தால் எழுத்து எழுத்தாக ஒப்பிடப்படும். ஒரு பக்கம் எண்ணாக இருந்தால் எண்ணாக ஒப்பிடப்படும். வகையை மாற்றாமல் ஒப்பிடும் மூன்று சமக்குறி, ஜாவாஸ்கிரிப்டின் தர வரையறையான எக்மாஸ்கிரிப்டின் 1999இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. தொடங்குபவர்கள் அதையே வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

படி 4: நாமே மாற்றுதல்

பெட்டியிலிருந்து மதிப்பை எடுத்தவுடன் டிரிம் (trim) கொண்டு ஓர இடைவெளிகளை நீக்கி, வெற்றாக இருந்தால் அங்கேயே நிறுத்தி விலையைக் கேளுங்கள். பிறகு காற்புள்ளிகளை அகற்றி, நம்பர் (Number) செயற்கூற்றால் எண்ணாக மாற்றுங்கள். கிடைத்தது நேனா என்பதைச் சமக்குறியால் சோதிக்க முடியாது, ஏனெனில் நேன் தனக்குத்தானே சமமாகாது, அதற்கு நம்பர்.இஸ்நேன் (Number.isNaN) செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள்.