விமானச் சக்கரக் காலின் அதிர்வுத்தாங்கி: இயங்கும் விதமும் சோதிக்கும் முறையும்

சிங்கப்பூரின் சிலேத்தார், சாங்கி விமான நிலையங்களில் நிற்கும் ஒரு விமானத்தின் சக்கரக் காலை உற்றுநோக்கினால், தடித்த உருளை ஒன்றின் அடியிலிருந்து பளபளக்கும் உலோகத் தண்டு சிறிதளவு வெளியே நீண்டிருப்பதைக் காணலாம். இவ்விரண்டும் சேர்ந்ததே ஓலியோ எனப்படும் அதிர்வுத்தாங்கி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பராமரிப்பைப் பயிலத் தொடங்கும் மாணவர்கள் அதை வெறும் ஸ்பிரிங் என்று எண்ணிவிடுவதுண்டு. ஸ்பிரிங்கின் வேலை அதில் பாதிதான்.

உருளைக்குள் அழுத்தப்பட்ட நைட்ரஜனும் ஹைட்ராலிக் எண்ணெயும் இருக்கின்றன. நிற்கும் விமானத்தின் எடையைத் தாங்குவது நைட்ரஜன். இறங்கும்போது மோதலின் ஆற்றலை விழுங்குவது எண்ணெய். சக்கரம் தரையைத் தொட்டதும் தண்டு மேலேறி, எண்ணெயைச் சிறிய துளை வழியே பிதுக்குகிறது. அந்த உராய்வில் மோதலின் ஆற்றல் வெப்பமாகிறது. பல வடிவமைப்புகளில், அத்துளைக்குள் நுழையும் கூம்பு வடிவ ஊசியொன்று தண்டு உள்ளேறும் அளவுக்கேற்பத் துளையை மாற்றியமைத்து, விசை திடீரென எகிறாமல் காக்கிறது. தண்டு மீண்டும் நீளும்போது எண்ணெய் திரும்பும் வழியை வேறொரு வால்வு குறுக்குகிறது. அது இல்லையேல் விமானம் பந்துபோல் துள்ளும்.

எண்ணெய் விழுங்க வேண்டிய ஆற்றல் சிறிதன்று. 60 டன் விமானம் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழிறங்கித் தரையைத் தொட்டால் அந்த ஆற்றல் 30 கிலோஜூல். வேகம் 3 மீட்டரானால் அது ஒன்பது மடங்காகி 270 கிலோஜூலை எட்டுகிறது. பெரிய பயணிகள் விமானங்கள் ஏறத்தாழ இந்த 3 மீட்டர் வேகத்தைத் தாங்குமாறே வடிவமைக்கப்படுகின்றன.

சோதனையைத் தண்டிலிருந்து தொடங்குங்கள். கீறலோ எண்ணெய்க் கசிவோ உண்டா என்று பாருங்கள். படிந்த தூசியை அதே வகை ஹைட்ராலிக் எண்ணெயில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள், ஏனெனில் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் சீல் வளையத்தை அத்தூசியே அறுக்கும். பிறகு வெளியே தெரியும் நீளத்தையும் உள்ளழுத்தத்தையும் அளந்து, காலருகே ஒட்டப்பட்டிருக்கும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணெய் கசிந்து கால் தாழ்ந்திருக்கும்போது நைட்ரஜனை மட்டும் ஏற்றினால், நீளமும் அழுத்தமும் அட்டவணையோடு கச்சிதமாகப் பொருந்திவிடும்; ஆனால் பலத்த இறக்கத்தில் தண்டு முழுவதும் உள்ளேறி உலோகம் உலோகத்தில் மோதும். ஆகவே ஓர் அளவீட்டை நம்பாமல், எரிபொருள் குறைவாக இருக்கையில் ஒரு முறையும் நிரப்பிய பின் மறுமுறையும் அளப்பதே சரி. எடை கூடியபோது தண்டு அட்டவணை சொல்வதைவிட அதிகமாக உள்ளேறியிருந்தால், எண்ணெய் குறைந்திருக்கிறது என்று பொருள்.

வெப்பநிலையையும் கணக்கில் கொள்ளுங்கள். சிங்கப்பூரின் 30 பாகை வெப்பத்தில் நிரப்பிய கால், உறைபனிக்கும் கீழே 10 பாகையில் நிற்கும்போது, அதே எடையின்கீழ் வாயுவின் கன அளவு சுமார் 13 விழுக்காடு சுருங்குவதால், கசிவே இல்லாமலும் தாழ்ந்து தெரியும்.

எண்ணெய் நிரப்பும் பணியை உரிய அனுமதி பெற்றவர், அவ்விமானத்தின் பராமரிப்புக் கையேட்டின்படியே செய்ய வேண்டும். பொதுவான வரிசை மட்டும் இதோ. முதலில் வாயுவை மெதுவாக முழுமையாக வெளியேற்ற வேண்டும். அழுத்தம் இருக்கையில் வால்வைக் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. பின்னர் தண்டை உள்ளே தள்ளி, குமிழிகள் நிற்கும்வரை எண்ணெய் ஊற்றி, சில முறை நீட்டிச் சுருக்கிச் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதன்பிறகே உலர்ந்த நைட்ரஜன். சாதாரணக் காற்றில் உள்ள ஆக்சிஜன், உயர் அழுத்தத்தில் எண்ணெய் ஆவியோடு சேர்ந்து தீப்பற்றக்கூடும். நம் ஊர்க் காற்றின் ஈரமோ உட்புறத்தை அரிக்கும். நிரப்பியதும் உடனே அளக்காமல், வாயுவின் வெப்பநிலை சீராகும்வரை காத்திருந்து மீண்டும் அளந்து, வால்வில் கசிவில்லை என்று உறுதிசெய்த பின் மூடியை இறுக்குங்கள்.