வேன் இருந்தால் எங்கேயும் தூங்கலாமா? கியூஷு கேம்பர்வேன் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம்பர்வேனில் ஜப்பானின் தெற்குத் தீவான கியூஷுவைச் சுற்றப் போகிறேன் என்று சொல்கிற நண்பர்கள் எல்லோரும் காலையிலிருந்துதான் திட்டம் போடுகிறார்கள். எட்டு மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்கு ஆசோ எரிமலை, மதியம் குரோகாவா என்ற வெந்நீர் ஊற்றுக் கிராமம், சாயங்காலம் எங்கேயாவது ஒரு வெந்நீர் ஊற்றில் குளியல், இருட்டினதும் கண்ணில் படுகிற இடத்தில் வண்டியைப் போட்டுத் தூக்கம். காலைப் பகுதி எப்படிப் போனாலும் சமாளித்துவிடலாம். சொதப்புவது அந்த 'எங்கேயாவது'விலும் 'கண்ணில் படுகிற இடத்தி'லும்தான்.

ஜப்பான் கிராமங்களில் பொழுது சீக்கிரம் அடங்கிவிடும். சாலையோரக் கடைகள் 5, 6 மணிக்கே ஷட்டரை இறக்கிவிடும், சின்ன ஊர் பெட்ரோல் பங்குகள் பல ஞாயிற்றுக்கிழமை திறக்கவே திறக்காது. தங்காமல் குளிக்க மட்டும் வருபவர்களை மதியம் மூன்று மணி வாக்கிலேயே நிறுத்திவிடும் விடுதிகளும் நிறைய. ஊர்ப் பொதுக் குளியலகங்கள் இரவு வரை இருக்கும்தான், ஆனால் பலகையில் போட்டிருப்பது மூடும் நேரம், உள்ளே விடுவது பெரும்பாலும் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னாலேயே முடிந்துவிடும். கிரிஷிமா மலைப்பக்கம் ஒரு குளியலகத்துக்கு நாங்கள் 8.10க்குப் போய் நின்றோம், 9 மணி வரை என்று போட்டிருந்தது. கவுன்டரில் இருந்த பாட்டி எழுந்து நின்று மூன்று தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார், உள்ளே மட்டும் விடவில்லை. சாக்கடை மூடியின் ஓட்டை வழியாக வெந்நீர் ஆவி வந்துகொண்டிருந்தது, அதன் கந்தக வாசனையை மோந்துகொண்டே ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டுத் தூங்கினோம். அன்றிலிருந்து எங்கள் திட்டம் எல்லாம் தலைகீழ்தான்: முதலில் இரவு தூங்கும் இடம், அதற்குப் பக்கத்தில் குளியல், அது மூடும் நேரம், அப்புறம்தான் பகலில் என்ன பார்ப்பது என்பது.

தூங்கும் இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், தவறான நம்பிக்கைகள் அதிகம் உள்ள விஷயம் இது. 'மிச்சி நோ எக்கி' என்று ஒன்று இருக்கிறது, அப்படியே சொன்னால் சாலை நிலையம். 1993இல் பதிவு முறை தொடங்கி இன்று நாடு முழுவதும் 1,200க்கு மேல் வந்துவிட்டது. பார்க்கிங்கும் கழிப்பறையும் 24 மணி நேரமும் இலவசம், பகலில் உள்ளூர் விவசாயிகளின் காய்கறிக் கடை. இதைப் பார்த்ததும் 'இலவச கேம்பிங்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இல்லை. அந்த நிலையங்களைக் கவனிக்கும் நிலம், உள்கட்டமைப்பு அமைச்சகத்தின் நிலைப்பாடு தெளிவானது: களைத்துப்போன ஓட்டுநர் கண்ணயர்ந்து ஓய்வெடுக்கலாம், ஆனால் தங்கும் விடுதியாகப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும். நடைமுறையில் பலர் ராத்திரி அங்கேதான் தூங்குகிறார்கள், சும்மா படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்புகிறவர்களைப் பொதுவாக யாரும் எழுப்புவதில்லை. கெடுப்பது என்னவென்றால், மடக்கு நாற்காலியை வெளியே போட்டு, பக்கவாட்டுக் கூரையை விரித்து, அடுப்பைப் பற்ற வைத்துத் தாளிப்பது. கழிப்பறை வாஷ்பேசினில் பாத்திரம் கழுவுவது. இரவு முழுக்க என்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போடுவது, இது பக்கத்து லாரி ஓட்டுநரின் தூக்கத்தைக் கெடுப்பதோடு பனி பெய்கிற ராத்திரியில் புகைக்குழாய் அடைத்துக்கொண்டால் ஆளையே கொன்றுவிடும். இப்படி நடக்கப் போய்த்தான் 'இரவு தங்கத் தடை' என்று பலகைகள் முளைக்கின்றன. பலகை இருந்தால் விவாதம் வேண்டாம், கிளம்பிவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது பணம் கட்டி 'ஆர்வி பார்க்' என்ற இடங்களில் தங்குங்கள். பெரும்பாலானவற்றில் மின் இணைப்பு உண்டு, குப்பையையும் வாங்கிக்கொள்வார்கள், சில வெந்நீர் ஊற்றுக்கு ஒட்டியே இருக்கும்.

குப்பை என்றதும் ஞாபகம் வருகிறது, வழியில் குப்பைத்தொட்டியே கண்ணில் படாது. மூன்று நாள் குப்பை வேனிலேயே பயணம் செய்யும், மூடி உள்ள டப்பா ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

சாலைக்கு வருவோம். இடது பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான், அதனாலேயே அசட்டையாக இருந்துவிடுகிறோம். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும், ரயில் வருகிற அறிகுறியே இல்லாவிட்டாலும், கோட்டுக்கு முன்னால் முழுதாக நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். தலைகீழ் சிவப்பு முக்கோணத்தில் எழுதியிருப்பது 'நில்'. வேகத்தைக் குறைத்து உருட்டிக்கொண்டு போனால் அது நிற்பது ஆகாது.

அதைவிடப் பெரிய தவறு, வழிகாட்டி ஆப் 'பத்து நிமிடம் மிச்சம்' என்று காட்டுகிற வழியில் திரும்புவது. காரில் போவதற்கும், கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரமுள்ள வண்டியில் போவதற்கும் உள்ள வித்தியாசம் ஆப்புக்குத் தெரியாது. ஜப்பானியில் தேசிய நெடுஞ்சாலைக்குக் 'கொக்குதோ' என்று பெயர். அதே உச்சரிப்பில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி எழுதினால் 'கொடூரச் சாலை' என்று பொருள் வரும், ஷிகோகு தீவின் மலைக்குள் போகும் 439ஆம் எண் சாலையை அவர்களே அப்படித்தான் கேலி செய்கிறார்கள். ஒரு வண்டி அகலம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே ஒரு லாரி வந்தால் வளைவு வளைவாகப் பின்னால் போக வேண்டும். பெயர் தேசிய நெடுஞ்சாலை! நகரத்துக்குள் வந்தால் கஷ்டம் வேறு மாதிரி, பல பார்க்கிங் கட்டடங்களின் நுழைவாயில் உயரம் 2.1 மீட்டர்தான். வாடகைக்கு வண்டி எடுக்கும்போதே அதன் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

கியூஷு தெற்கே இருப்பதால் குளிர்காலத்திலும் கவலையில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. யுஃபுயின் பக்கமிருந்து ஆசோவுக்குப் போகும் யமானாமி ஹைவே மிக அழகான சாலை, புல்வெளியும் எரிமலைகளுமாக விரியும், ஆனால் வழியில் மாகினோத்தோ கணவாய் 1,330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் உறைந்துவிடும், பனி டயர் இல்லாமல் போகக் கூடாது. ஆசோவில் எரிமலை வாய்க்கு அருகே போவதையும் கந்தக வாயுவும் எரிமலையின் மனநிலையும்தான் முடிவு செய்யும், காலையில் திறந்திருந்து மதியம் மூடிவிடுவார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் போகவே கூடாது என்று அங்கேயே எச்சரிக்கை இருக்கிறது, அவர்கள் தாய்கான்போ முனையிலிருந்து எரிமலைக் குழியின் மொத்த அகலத்தையும் பார்க்கலாம், என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் நல்ல காட்சி.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி கொடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதிதான் ஜப்பானில் செல்லும். இந்திய ஆர்.டி.ஓ. தருவது அந்த வகை, ஒரிஜினல் லைசென்ஸும் கூடவே வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து லைசென்ஸ் வைத்திருக்கும் நம்மவர்கள் கவனிக்க: உங்கள் ஊர் சர்வதேச அனுமதி அங்கே எடுபடாது, லைசென்ஸின் அதிகாரப்பூர்வ ஜப்பானிய மொழிபெயர்ப்பு வேண்டும். வண்டி கொடுக்கும் கவுன்டரில் போய் இதைத் தெரிந்துகொண்டால் பயணமே அத்தோடு போச்சு.

எரிபொருள் போடும்போது நிறத்தைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள். சிவப்பு சாதா பெட்ரோல், மஞ்சள் உயர்ரக பெட்ரோல், பச்சை டீசல். டீசலுக்கு அங்கே 'கெய்யு', சின்ன 660 சிசி வண்டிகளுக்குக் 'கெய்' என்று பெயர். கெய் வண்டிக்குக் கெய்யுதான் போட வேண்டும்போல என்று நினைத்து பெட்ரோல் வண்டியில் டீசல் ஊற்றுபவர்கள் ஜப்பானியர்களிலேயே இருக்கிறார்கள்.

ஊரிலிருந்து கெட்டிலும் குக்கரும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே 100 வோல்ட். நம் 230 வோல்ட் கெட்டிலுக்கு ஐந்தில் ஒரு பங்கு சக்திதான் கிடைக்கும், தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போய்விடும். சைவக்காரர்களுக்கு வேன் ஒரு வரம், ஏனென்றால் மிசோ சூப்பிலும் உதோன் நூடுல்ஸ் குழம்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும், கடையில் விற்கும் ஜப்பானிய 'கறி' குழம்புக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு இருக்கும். காலையில் சாலை நிலையத்துக் கடையில் கத்தரிக்காயும் பூசணியும் வாங்குங்கள், மதியம் போனால் தட்டு காலி. வெந்நீர் ஊற்று நகரமான பெப்புவின் கன்னாவா பகுதியில் பூமியிலிருந்து வரும் ஆவியிலேயே காய்கறியை வேகவைத்துச் சாப்பிடும் இடம் இருக்கிறது, உப்பு மட்டும் போதும்.

பெப்புவில் 'ஜிகோகு' என்று எழுதியிருக்கும் குளங்கள் குளிப்பதற்கு இல்லை. ஜிகோகு என்றால் நரகம், நீல நிறத்தில் ஆசை காட்டும் 'கடல் நரக'த்தின் தண்ணீர் 98 டிகிரி. குளிக்க வேண்டுமானால் 1879இல் தொடங்கிய தாகேகவாரா போன்ற பழைய குளியலகங்கள் இருக்கின்றன, இப்போதுள்ள மரக்கட்டடம் 1938இல் கட்டியது. இப்படிப்பட்ட பழைய இடங்களில் ஷவர், சோப்பு எதையும் எதிர்பார்க்காதீர்கள். சோப்பு, துண்டு, 100 யென் நாணயங்கள் கையோடு வேண்டும். துணியில்லாமல்தான் இறங்க வேண்டும், ஆண் பெண் தனித்தனி. தலையில் எண்ணெய் வைத்திருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். பச்சை குத்தியவர்கள் உள்ளே விடுவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவது மரியாதை.

குரோகாவாவில் 1986 முதல் ஒரு நல்ல ஏற்பாடு, மரத்தில் செய்த வட்டச் சீட்டு, மூன்று ஸ்டிக்கரோடு வரும், விரும்பிய விடுதிகளில் குளிக்கலாம். மூன்றையும் ஒரே மத்தியானத்தில் தீர்த்துவிடுவதுதான் அங்கே நடக்கும் தவறு. 42 டிகிரி தண்ணீரில் மூன்று தடவை ஊறினால் தலை சுற்றும், கால் துவளும், அதன் பிறகு மலைச்சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம். சீட்டு ஆறு மாதம் செல்லும், என்ன அவசரம்? குளித்ததும் ஒரு பீர் என்பது ஓட்டாதவருக்கு மட்டும். குடித்து ஓட்டியவர் மட்டுமில்லாமல், தெரிந்தே கூட உட்கார்ந்து வந்தவருக்கும், ஊற்றிக் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு.

இன்னொன்று, எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் நமக்காக எழுதி வைக்காதது. கந்தக ஊற்றில் இறங்குமுன் வெள்ளி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், கொலுசு, மெட்டி, அரைஞாண் உட்பட. 22 காரட் தங்கத்திலும் வெள்ளியும் செம்பும் கலந்திருப்பதால் அதையும் நம்ப வேண்டாம். என் மனைவி கொலுசைக் கழற்றினாள், மெட்டியைக் கழற்ற மனம் வரவில்லை, பத்து நிமிடத்தில் வெளியே வந்தபோது இரண்டு விரலிலும் கரி பூசியது மாதிரி இருந்தது. வேனில் ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடாவும் கொதிக்கிற தண்ணீரும் ஊற்றி அதில் போட்டோம், பளிச்சென்று ஆகிவிட்டது. கிண்ணத்திலிருந்து கிளம்பிய அழுகிய முட்டை நாற்றம்தான் மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் வரை போகவில்லை.