ரீனோகிராம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் குடியுங்கள்

போன கோடையில் என் மாமனாரைத் தாராபுரத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ரீனோகிராம், அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ஸ்கேன், எடுக்கக் கூட்டிப்போனேன். இடது கிட்னியில் கல், அல்ட்ராசவுண்டில் வீக்கம், ஆனால் கிட்னி வடிகட்டவேண்டிய கழிவை ரத்தத்தில் அளக்கும் கிரியேட்டினின் 1.1தான். "ரத்தத்துல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, அப்பறம் எதுக்குங் மாப்ள இந்த ஸ்கேனு?" என்று பல்லடம் வருகிற வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

நியாயமான கேள்விதான். கிரியேட்டினின் என்பது கூட்டுக்குடும்பக் கணக்கு மாதிரி. ஒரு கிட்னி படுத்துவிட்டாலும் இன்னொன்று இழுத்துப்பிடித்து ஓட்டினால் ரத்தத்தில் எதுவும் தெரியாது. அல்ட்ராசவுண்டில் உருவம் தெரியும், உழைப்பு தெரியாது. எந்தக் கிட்னி எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, வீங்கியிருப்பது உண்மையிலேயே அடைத்துக்கொண்டதா என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல இந்த ஸ்கேன்தான் வேண்டும்.

செய்முறை எளிது. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஒரு மருந்தோடு சேர்த்துக் கை நரம்பில் ஏற்றி, நம்மை அந்தக் கதிர்வீச்சைப் படம்பிடிக்கும் காமா கேமரா மேல் மல்லாக்கப் படுக்கவைத்துவிடுவார்கள். முதல் ஒரு நிமிடம் ஓரிரு வினாடிக்கு ஒரு படம் எடுப்பது ரத்த ஓட்டத்துக்காக. அதாவது, வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டதும் இரண்டு வயலுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஒவ்வொரு வயலும் எவ்வளவு இழுத்துக்கொண்டது என்பது வேலைத்திறன். அதன்பிறகு கடைமடை வழியாக எவ்வளவு வேகத்தில் வடிகிறது என்று இருபது முப்பது நிமிடம் பார்ப்பார்கள். மாற்று கிட்னி வைத்தவர்களுக்கு அது அடிவயிற்றில் இருப்பதால் கேமரா முன்பக்கம் வரும்.

சீட்டில் எந்த மருந்து எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டிடிபிஏ என்றால் வடிகட்டும் வேகம், அதாவது ஜிஎஃப்ஆர். ஈசி அல்லது மேக்-3 என்றால் கிட்னியின் நுண்குழாய்கள் இழுத்து வெளியேற்றும் மருந்து, கிட்னி பலவீனமாக இருந்தாலும் படம் தெளிவாக வரும். டிஎம்எஸ்ஏ வேறு ரகம், கிட்னியிலேயே ஒட்டிக்கொள்ளும், ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படம். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைகளுக்குக் கிட்னியில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க இதைத்தான் எழுதுவார்கள்.

இப்போது தண்ணீர் விஷயம். எங்கள் மாமா பஸ்ஸில் வழியில் எங்கே போய் ஒதுங்குவது என்று பயந்து விடியற்காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, சென்டரிலும் யாரும் கேட்கவில்லை, நானும் வெறும் வயிறுதான் சரி என்று நினைத்துக்கொண்டேன். கிட்னியில் மருந்து ஏறி இறங்குவதைக் காட்டும் வரைகோடு மேலே ஏறி அப்படியே உட்கார்ந்துகொண்டது. உடம்பில் நீரில்லாவிட்டால் நல்ல கிட்னிகூட அடைத்துக்கொண்ட மாதிரிதான் காட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே பஸ், மறுபடி செலவு.

அதனால் டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லாதவராக இருந்தால், ஸ்கேனுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் முன்பு அரை லிட்டர் குடியுங்கள். பெரும்பாலும் வெறும் வயிறு தேவையில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டு போங்கள். இருதய நோய், டயாலிசிஸ், கால் வீக்கம் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். அவர்களுக்குப் பொள்ளாச்சி இளநீரை நாமாக வாங்கி நீட்டக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம். படுக்குமுன் கட்டாயம் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் மேலிருந்து வடிவதும் தடைபடும்.

உயரம், எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். கிட்னி முதுகிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ எரிந்தாலோ உடனே சொல்லுங்கள், மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் ஜிஎஃப்ஆர் கணக்கே தப்பாகிவிடும். பிரஷருக்கு எனலாபிரில், ராமிபிரில் சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், கிட்னி ரத்தக்குழாய் சுருக்கத்துக்காக எடுக்கும் கேப்டோபிரில் ஸ்கேனில் அது முக்கியம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், நேரத்துக்குப் போங்கள். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். டெக்னீசியம் எடுக்கிற ஜெனரேட்டர் என்ற கருவியிலிருந்து காலையில் பால் கறப்பது மாதிரி கறந்துவைத்த சரக்கு அது, சாயங்காலம் வரை நமக்காகக் காத்திருக்காது.

ரிப்போர்ட்டில் முதலில் பங்கு சதவீதத்தைப் பாருங்கள். 45 முதல் 55 வரை இருந்தால் இரண்டும் சமமாகப் பாடுபடுகின்றன. வரைகோடு 3 முதல் 5 நிமிடத்தில் உச்சம் தொட்டு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சிறுநீரைப் பெருக்க லேசிக்ஸ் ஊசி போடுவார்கள். பாதி வடிய 10 நிமிடத்துக்குள் என்றால் அடைப்பில்லை, 20 நிமிடத்துக்கு மேல் என்றால் அடைப்பாக இருக்கலாம். இடைப்பட்டது இழுபறி. பழைய வீக்கத்தில் தொளதொளத்துப்போன கிட்னி அடைப்பில்லாமலும் மெதுவாக வடியும், அதனால் இந்த நிமிடக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கதிர்வீச்சு பயம் எல்லோருக்கும் உண்டு. டிடிபிஏ ஸ்கேனுக்கு ஏறக்குறைய 1 முதல் 2 மில்லி சீவெர்ட் கதிர்வீச்சுதான், வயிற்று சிடி ஸ்கேனைவிடக் குறைவு. சிடிக்குப் போடும் அயோடின் சாயமும் இதில் இல்லை. கர்ப்பமாக இருந்தாலும் பால் கொடுத்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தபிறகு, தண்ணீரை அளந்து குடிக்க வேண்டியவர்கள் தவிர மற்றவர்கள் அன்று முழுக்க நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் விடுங்கள்.

இரண்டாம் தடவை மாமா சூலூர் தாண்டியதுமே பாட்டிலைத் திறந்துவிட்டார். இடது 38 சதவீதம், லேசிக்ஸ் போட்டும் வடியவில்லை, கல்லை எடுக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனையும் அதே மருந்தில், முடிந்தால் அதே சென்டரில் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், பழைய பிலிமையும் மறக்காமல் கையோடு கொண்டுபோக வேண்டும்.