பாடத்தைத் திரைப்பதிவாக்குதல்: 10 நிமிடம், 50 மெகாபைட்

வீட்டில் ஃபைபர் இணைப்பு உள்ள பிள்ளையும், இரவில் தாயின் போனை வாங்கி மிச்ச டேட்டாவில் பாடம் பார்க்கும் பிள்ளையும் கொழும்பில் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். ஆசிரியரான நீங்கள் பதிவை இரண்டாமவருக்காகச் செய்யுங்கள்.

மென்பொருளுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ போதும்; இலவசம், நேரக் கட்டுப்பாடும் இல்லை. செட்டிங்ஸில் வீடியோ அளவை 1280x720, வேகத்தை வினாடிக்கு 20 ஃபிரேம் என்று வையுங்கள். அவுட்புட் பகுதியில் வீடியோ பிட்ரேட் (வினாடிக்குப் பதிவாகும் தரவு, கிலோபிட்டில்) 600, ஆடியோ பிட்ரேட் 64. ரெக்கோடிங் குவாலிட்டி 'சேம் அஸ் ஸ்ட்ரீம்' என்றே இருக்கட்டும். வேறு எதையாவது தெரிவுசெய்தால் நீங்கள் கொடுத்த 600 எடுபடாது. இந்தக் கணக்கில் 10 நிமிடப் பாடம் ஏறத்தாழ 50 மெகாபைட்டில் அடங்கும். பிட்ரேட்டை 2500இல் விட்டால் அதே பாடம் 190ஐத் தாண்டும். அசையாத எழுத்துக்கும் படத்துக்கும் அவ்வளவு தேவையே இல்லை.

கோப்பு வகை எம்கேவி. சாதாரண எம்பி4 கோப்பு பதிவு முடியும்போதுதான் தன் அட்டவணையை எழுதுகிறது. நடுவில் கரண்ட் போனால் முழுப் பாடமும் திறக்காமல் போய்விடும். எம்கேவியில் கரண்ட் போன நொடி வரைக்கும் மிஞ்சும். முடிந்த பிறகு ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் சில நொடிகளில் எம்பி4 ஆகிவிடும்.

திரை கறுப்பாகவே பதிவானால், லப்டொப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸின் கிராபிக்ஸ் பகுதியில் ஓபிஎஸ்ஸைச் சேர்த்து 'பவர் சேவிங்' கொடுங்கள்.

படம் கொஞ்சம் மங்கினாலும் பிள்ளைகள் பார்ப்பார்கள், குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார்கள். அதனால் அதிக நேரத்தை ஒலிக்கே செலவிடுங்கள். லப்டொப் மைக்கை விட போனோடு வரும் இயர்போன் மைக் மேல். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூச்சு நேரே படாமல் சற்றுப் பக்கமாகப் பிடியுங்கள். ஓபிஎஸ் ஒலிமானி மஞ்சளில் ஆட வேண்டும். சிவப்பைத் தொட்டு வெடித்த குரலைப் பிறகு திருத்தவே முடியாது. மைக்குக்கு 'நொய்ஸ் சப்ரஷன்' ஃபில்டர் போட்டால் ஃபேன் இரைச்சல் போகும்; பஸ் ஹோர்னோ ரயிலோ போகாது, சில வேளை உங்கள் சொல்லையும் அரைகுறையாக வெட்டிவிடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கரையோர ரயில் வந்தால் பேச்சை நிறுத்துங்கள். அது போனபின் அந்த வசனத்தை முதலிலிருந்து சொல்லுங்கள், இடையிலுள்ளதை வெட்டிவிடலாம்.

ஸ்லைடில் எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய ஸ்லைடுகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பாமினி இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

பரிசோதனைக்கு மெய்நிகர் ஆய்வுகூடம் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளம், பௌதிகவியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அதன் சிமுலேஷன்களை (திரையில் செய்யும் மாதிரிப் பரிசோதனைகளை) இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும். நேரோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷனைத் திறந்ததும் மின்னோட்டக் காட்சியை இலத்திரனிலிருந்து மரபு முறைக்கு மாற்றுங்கள். மறந்தால், நேர் முனையிலிருந்து மறை முனைக்கு என்று படித்த பிள்ளை, திரையில் எதிர்த்திசையில் ஓடுவதைப் பார்த்துக் குழம்பும். 9 வோல்ற்று மின்கலம், 10 ஓம் மின்குமிழ்: அம்பியர்மானி 0.90 காட்டும். இன்னொரு குமிழைச் சமாந்தரமாகச் சேர்க்குமுன் நிறுத்துங்கள். "மொத்த மின்னோட்டம் கூடுமா, குறையுமா? கொப்பியில் எழுதுங்கள்" என்று சொல்லி 10 நொடி பேசாமல் இருங்கள். பிறகு 1.80 வருவதைக் காட்டுங்கள். தொடராக மாற்றினால் 0.45. விடையைக் கேள்வியோடு சேர்த்தே காட்டிவிட்டால் பரிசோதனை வெறும் வேடிக்கையாகிவிடும்.

பதிவுக்கு முன் கணினியில் வாட்ஸ்அப்பை மூடுங்கள். வருகிற குறுஞ்செய்தியும் பாடத்தில் பதிவாகும். அனுப்பும்போது அதே வாட்ஸ்அப்பில் வீடியோவாக அல்ல, 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். வீடியோவாகப் போட்டால் அது மறுபடி சுருக்கப்பட்டு, சமன்பாட்டின் கீழ்க்குறிகள் வாசிக்க முடியாமல் போகும். யூடியூபுக்கு மட்டும் டேட்டா பொதி வைத்திருப்பவர்களுக்காக அங்கேயும் 'அன்லிஸ்டட்' ஆக (தேடலில் வராமல், இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) ஒரு பிரதி ஏற்றி இணைப்பைக் கொடுங்கள்.