சிறைத் தாழ்வாரத்தில் பதற்றத்தைக் கெடுக்கும் தவறுகள்: அறிவியல் புனைவு எடுப்பவர்களுக்கு

செட்டிநாட்டு வீட்டின் வளவில் நின்று பார்த்தால், ஜெயில் காட்சிக்கு அந்த இடத்தை ஏன் தேடி வருகிறார்கள் என்பது புரிந்துவிடும். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாகச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் கனமான தேக்குக் கதவு. முகப்பில் நின்றால் வாசலுக்குள் வாசலாகப் பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் உண்டு. குறைந்த செலவில் விண்வெளிச் சிறை ஒன்றைக் காட்ட நினைக்கிறவர்களுக்கு இது பெரிய வரம்.

ஆனால் இடம் நன்றாக இருந்தால் மட்டும் காட்சியில் பதற்றம் வந்துவிடாது. யார் யாரைப் பார்க்க முடியும், எந்தக் கதவை யார் திறக்க முடியும், திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்ற மூன்றும் பார்ப்பவருக்குத் தெரிந்திருந்தால்தான் தாழ்வாரம் பயமுறுத்தும். நான் பார்க்கிற பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றில் ஒன்றை மறந்ததால் வருபவை.

முதலில் வெளிச்சம். சிறை என்றதும் இருட்டு, புகை, மினுக்கும் சிவப்பு விளக்கு என்று போய்விடுகிறார்கள். உண்மையில் சிறைக்கு வெளிச்சம்தான் வேண்டும். காவலர் பார்க்க வேண்டுமே. ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் 1791இல் வெளியிட்ட சிறைத் திட்டத்தில் நடுவில் ஒரு கண்காணிப்புக் கோபுரம், சுற்றிலும் வட்டமாகக் கொட்டடிகள். கொட்டடியில் வெளிச்சம் இருக்கும், கோபுரத்துக்குள் ஆள் இருக்கிறாரா என்பது மட்டும் கைதிக்குத் தெரியாது. 1906இல் கட்டி முடித்த அந்தமான் செல்லுலார் சிறை அதைவிடக் கொடுமையாக யோசித்தது. நடுக்கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி அமைத்தார்கள். கதவைத் திறந்தே வைத்தாலும் ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. தாழ்ப்பாளையும் கதவிலிருந்து தள்ளி, சுவருக்குள் குடைந்த பள்ளத்தில் வைத்தார்கள்; கம்பி வழியாகக் கை நீட்டினாலும் எட்டாது. இத்தனையும் நடந்தது பட்டப்பகலில். உங்கள் எதிர்காலச் சிறையும் இப்படி ஏதாவது ஒன்றை யோசித்திருக்க வேண்டும். விளக்கை அணைப்பது அதற்கு ஈடாகாது.

அடுத்தது கரண்ட். கரண்ட் போனதும் எல்லாக் கதவும் தானாகத் திறந்து, கைதிகள் கூட்டமாக ஓடிவருவது பலரும் எழுதுகிற காட்சி. பூட்டு இரண்டு வகை. மின்காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும். அது நின்றால் விட்டுவிடும். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற வேண்டிய அலுவலகங்களுக்கு அது சரி. இன்னொரு வகை, மின்சாரம் நின்றாலும் பூட்டியே இருக்கும். சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். கொட்டடிக்கு எந்தப் புத்தியுள்ள சிறையும் இரண்டாவது வகையைத்தான் வைக்கும். கதைக்கும் அதுதான் நல்லது. தாழ்வாரத்தின் ஒரு முனையில் தீ, இருபது கதவுகள், ஒரே காவலர், கையில் சாவிக்கொத்து. அவர் எந்தக் கதவை முதலில் திறப்பார்? ஏன் அதை? இதற்கு மேல் வசனமே தேவைப்படாது.

இதே போல இரட்டைக் கதவையும் பலர் வீணாக்குகிறார்கள். சிறை வாயிலில் ஒரு கதவு மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். விண்கலத்திலிருந்து வெளியே போய்வர இருக்கும் காற்றுப்பூட்டு அறையும் அப்படியே. இரண்டுக்கும் பொதுவான இந்த விதியைப் படத்தின் தொடக்கத்திலேயே சாதாரணமாக ஒருமுறை காட்டிவிடுங்கள். பிறகு, துரத்தப்படுகிறவர் இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும் நொடிகளைப் பார்ப்பவர்களே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். விண்வெளி நிலையத்தில் தாழ்வாரத்தை நேராகப் போடுவது. ஈர்ப்பு வேண்டும் என்பதற்காகச் சக்கரம் போலச் சுழலும் நிலையம் என்று எழுதிவிட்டு, விளிம்பை ஒட்டிப் போகும் தாழ்வாரத்தை நேர்கோடாகக் காட்டுகிறார்கள். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்று வைத்தால், பூமியில் இருப்பது போன்ற எடை கிடைக்க ஆரம் சுமார் 224 மீட்டர் வேண்டும். அங்கே தரை இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளையும். கூரையின் உயரம் இரண்டரை மீட்டர் என்றால், நிற்கிறவரின் கண்ணுக்குத் தரை ஏறக்குறைய 53 மீட்டர் வரைதான் தெரியும். அதற்கப்பால் கூரை மறைத்துவிடும். எதிரே ஒருவர் நடந்து வந்தால் முதலில் தெரிவது பாதம், அப்புறம் முழங்கால், அப்புறம் இடுப்பு. முகம் தெரிய அவர் 40 மீட்டருக்குள் வர வேண்டும். 53 மீட்டரிலிருந்து 40 வரை வரச் சாதாரண நடையில் பத்து நொடி. வருகிறவர் காவலரா, கொல்ல வருகிறவரா என்று தெரியாமல் வெறும் கால்களை மட்டும் பத்து நொடி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இயற்பியல் இலவசமாகக் கொடுக்கும் இந்தப் பத்து நொடியை விட்டுவிட்டு மினுக்கும் விளக்கைத் தேடிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதைச் செட்டிநாட்டு வீட்டிலேயே எடுக்கலாம். நேர்கோட்டு வாசல்களில் ஒன்றுக்கு முன்னால், தனிச் சட்டம் நிறுத்தி, இடுப்புயரம் வரை இறங்கும்படி கூரை நிறத் தடுப்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். கேமரா நிற்கிறவரின் கண் உயரத்தில் இருக்கட்டும். தடுப்புக்கு அப்பாலிருந்து வருகிறவரின் பாதம் முதலில் தெரிந்து, பிறகு இடுப்பு வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும்.

ஒலியில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. விண்வெளியில் சத்தம் இல்லை என்பதற்காகத் தாழ்வாரத்தையும் நிசப்தமாக்குகிறார்கள், அல்லது முழுக்க இசையால் நிரப்புகிறார்கள். வெற்றிடத்தில்தான் ஒலி பரவாது. தாழ்வாரத்தில் காற்று இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் விசிறிகள் எந்நேரமும் ஓடும், ஏனென்றால் எடையற்ற நிலையில் வெளிவிட்ட மூச்சு தானாக விலகாமல் முகத்தருகிலேயே தேங்கும். ஆக, விண்வெளிச் சிறையின் கைதிக்குப் பழகிய சத்தம் அந்த விசிறிகளின் உறுமல். அது சட்டென்று நின்றால், எல்லாக் கொட்டடியிலும் தலைகள் நிமிரும். முன்பே அதைக் கேட்கப் பழக்கியிருந்தால்தான் நிற்பது உறைக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் இழைத்த சுவரும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும். அதனால் காலடிச் சத்தத்தை அங்கேயே தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வசனத்தை மட்டும் தரையில் ஜமுக்காளம் விரித்து, மைக்கை நெருக்கமாக வைத்து எடுங்கள்.

கதை செவ்வாயில் என்றால் இன்னொரு தவறு காத்திருக்கிறது. சிறை அதிகாரி பூமியிலிருந்து நேரலையில் பேசி உத்தரவு போடுவார். இரண்டு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து ரேடியோ அலை ஒரு பக்கம் போகவே சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். கதவைத் திறக்க அனுமதி கேட்டால் பதில் வர மிகக் குறைந்தது ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடம் காவலரும் கைதியும் கம்பிக்கு இருபுறமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், அதுவே ஒரு முழுக் குறும்படம்.

வசனத்துக்கும் வருகிறேன். எதிர்காலம் என்றதும் "கைதி எண் நாற்பத்தேழு, பின்னால் செல்" என்று மொழிபெயர்ப்பு போலப் பேச வைக்காதீர்கள். நம் பக்கத்துக் காவலர், வயதில் சின்னவனை "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். கைதி "அண்ணே" என்பான். "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் பூட்டை இழுத்துச் சரிபார்ப்பது, கத்தி மிரட்டுவதைவிட உடம்பைச் சிலிர்க்க வைக்கும். அந்த "தம்பி" ஒரு நாள் "நீ" ஆகி, பிறகு வெறும் எண்ணாகிறபோது ஏதோ நடக்கப் போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கடைசியாக, வீட்டைப் பற்றிச் சில விஷயங்கள். வளவு முற்றத்தில் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். விண்வெளிச் சிறையின் சுவரில் வெயில் நகர்ந்தால் கதை போச்சு. முற்றத்தை மேலே துணியால் மூடுங்கள், அல்லது இரவில் எடுங்கள். வாசல் நிலைக்கு மேல் இருக்கும் கஜலட்சுமி செதுக்கலைச் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அலங்காரம் குறைந்த பின்கட்டுகள் இன்னும் வசதி. பழைய சோக்கு வைத்த டியூப்லைட் என்றால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை நொடியில் 50இல் ஒரு பங்காக வையுங்கள், இல்லாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

சுவரில் ஆணி அடிக்காதீர்கள், டேப்பும் ஒட்டாதீர்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு அது. டேப்பை உரிக்கும்போது மேல்பூச்சும் கூடவே வரும், அதை அதே பளபளப்போடு திருப்பிப் பூசும் கொத்தனார்கள் இன்று குறைவு. கொட்டடி எண், எச்சரிக்கைப் பலகை, திரை எல்லாவற்றையும் ஒட்டுப்பலகையில் ஒட்டிச் சுவருக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்துங்கள். கேமராவில் வித்தியாசம் தெரியாது.