திருகோணமலையிலிருந்து ரோமுக்கு இருவராக

முதல் வேலை ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். விரல் அடையாளம் கொடுக்க இருவரும் கொழும்புக்கு நேரில் போகவேண்டும். இரவு பஸ் போதும். பயண மருத்துவக் காப்புறுதி ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. தமிழில் உள்ள விவாகச் சான்றிதழை முன்கூட்டியே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள்.

கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும். அது கடவுச்சீட்டோடு பொருந்தாவிட்டால் வாசலில் சிக்கல்தான். நம் நீண்ட பெயர்களில் எழுத்து தவறுவது சுலபம். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறுகளில் பூட்டு. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், அதுவும் இலவசம் என்றாலும் வரிசையைப் பார்த்தால் வேறு நாளில் காசு கொடுப்பதே மேல். புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும், ஒரு சால்வை பையில் கிடக்கட்டும்.

சாப்பாட்டில் கவனம்: கார்பொனாரா, அமத்ரிச்சானா என்ற பாஸ்தா வகைகள் இரண்டிலும் பன்றியின் கன்ன இறைச்சி உண்டு. வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கு காச்சோ எ பெப்பே. இந்தப் பாஸ்தாவில் சேர்ப்பது செம்மறியாட்டுப்பால் சீஸும் மிளகும் மட்டுமே. கோப்பியை நின்றபடி குடித்தால் மலிவு, மேசையில் அமர்ந்தால் விலை ஏறும். தெருக்குழாய்த் தண்ணீர் நல்லது, வெறும் போத்தல் கொண்டுபோங்கள். கற்கள் பதித்த தெருக்களில் புதுச் சப்பாத்து காலைக் கடிக்கும். இங்கேயே போட்டு நடந்து பழக்கிவிடுங்கள்.